சீமை எஞ்சின் வந்த நாள்

அத்தியாயம் 14

மில்லின் பழைய எஞ்சின் நின்றுபோய் அன்றோடு பதினோரு நாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் நாலைந்து தெருக்காரர்களுக்கு அந்த எஞ்சின் சத்தம்தான் கடிகாரம். அது கிளம்பினால் காலை ஏழு மணி. அடங்கினால் மதியம் பன்னிரண்டரை. சாயங்காலம் ஐந்துக்கு அது நின்றதும், மில் சொந்தக்காரர் ரிஷபதாஸ் நயினார் வீட்டில் இலை போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கிற ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு அந்த வீட்டு அடுப்பு எரிந்து யாரும் பார்த்ததில்லை.

கரண்டு மோட்டார் வைத்த மில்களெல்லாம் பவர் கட்டில் பாதி நாள் தூங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஊரே இந்த டீசல் எஞ்சினை நம்பியிருந்தபோது, அதன் பிஸ்டன் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு இன்னும் ஒன்பதே நாள். வீட்டுக்கு வீடு வெளியூர் விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். சத்திரத்துக்கு மூட்டை மூட்டையாக மாவு வேண்டும். அதற்குள் ஓடாத மில், அப்புறம் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். வாடிக்கை பிள்ளையார்பாளையம் பக்கம் போய்விடும்.

உள்ளூர் யேசுதாஸின் லேத் பட்டறைக்கு அனுப்பிய பழையதையே பிரித்துச் செப்பனிடலாம் என்றாள் மகள் மனோன்மணி. ஐந்து வருஷமாக மில்லை நடத்துகிறவள் அவள்தான். லண்டனிலிருந்து வந்து இறங்கிய எஞ்சின் ஒன்று மெட்ராஸில் விலைக்கு நிற்கிறது, பழசானாலும் பழசு மாதிரியே இல்லை என்றான் தம்பி விமலநாதன். அக்காளுக்கும் தம்பிக்கும் நடந்த வாக்குவாதத்தை எல்லாம் கேட்டுவிட்டு ரிஷபதாஸ் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்.

"விமலன் கொண்டாரட்டும். அது ஒழுங்கா ஓடுச்சின்னா, கொண்டாந்தவனே மில்லை நடத்தட்டும். நீ சாவியைக் குடுத்துடு."

மனோன்மணி சாவிக்கொத்தை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்தது.

டெரிலின் சட்டை போட்ட விமலநாதன் டிரைவர் பக்கத்திலிருந்து குதித்தான். மெட்ராஸில் மோட்டார் சாமான் கடையில் மானேஜர் வேலை. எஞ்சினுக்கு அவனே கனகாம்பர மாலை வாங்கிப் போட்டிருந்தான். பச்சை பெயிண்ட் அடித்து, பித்தளைத் தகடு பளபளக்க, கல்யாணப் பெண் மாதிரி தலைகுனிந்து நின்றது அந்த எஞ்சின்.

"அக்கா, பாத்துக்கோ. பர்ஸ்ட் கிளாஸ் கண்டிஷன்."

கூடவே புரோக்கர் கலியாணசுந்தரம் இறங்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதர்.

"லண்டன் பக்கம் ஒரு பால் பண்ணையில ஓடினதுங்க நயினார். வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை. மீதி நாள் குளிருக்குப் போர்வை போத்தி வெச்சிருப்பாங்க."

"எஞ்சினுக்கா போர்வை?" என்றாள் வேடிக்கை பார்க்க வந்த பட்டம்மாள். எதிர் வரிசைத் தறிக்காரர் மனைவி. "எங்க ஊட்டுக்காரருக்கே ஒரு போர்வைதான் இருக்குது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டம்மாளுக்கு அது போதவில்லை.

"ஏம்மா மனோன்மணி, இந்த எஞ்சினாவது வண்டு விழுந்த அரிசியை அரைக்குமா? இல்ல இதுவும் உங்க மதத்துல சேந்துடுச்சா?"

ரிஷபதாஸ் மில்லில் வண்டு விழுந்த தானியத்தை வாங்கமாட்டார்கள். சலித்து, வண்டை உயிரோடு விட்டுவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். பத்து வருஷமாக இதைச் சொல்லித் திட்டிக்கொண்டே, பட்டம்மாள் வேறு மில்லுக்குப் போனதில்லை.

"எஞ்சினுக்கு என்ன தெரியும் அக்கா? வாசல்ல நிக்கிறது நான்தானே," என்றாள் மனோன்மணி. சொன்ன பிறகுதான், நாளைக்கு வாசலில் நிற்கப்போவது தானா என்பது நினைவுக்கு வந்தது.

முற்றத்தில் இரண்டு கனத்த மரக்கட்டைகள் போட்டு எஞ்சினை இறக்கி, போல்ட் போட்டு இறுக்கினார்கள். பெல்ட் மாட்டவில்லை. வெறுமனே ஓட்டிக் காட்டுவதாகப் பேச்சு. எஞ்சினைக் குளிர்விக்கிற தொட்டியில் வடிகட்டிய தண்ணீரை மனோன்மணியே ஊற்றினாள். விமலநாதன் கைப்பிடியை மாட்டினான்.

ஒரே சுற்று. ஒரே ஒரு சுற்றில் பிடித்துக்கொண்டது.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். தடதடப்பு இல்லை, புகை இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது. தெருப் பெண்கள் கைதட்டினார்கள். ரிஷபதாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பார்வை மங்கிய பிறகு அவர் எதையும் காதால்தான் எடை போடுவார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை மனோன்மணி பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பொறாமையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருக்கலாம். ஆனாலும் நல்ல எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எஞ்சினை நிறுத்தினார்கள்.

"சொல்லிடுங்க நயினார்," என்றார் கலியாணசுந்தரம். "லாரி ரெண்டு மணிக்குத் திரும்பணும். கையெழுத்து போட்டா கிளம்பிடுவோம்."

மனோன்மணி உள்ளே போய் ஒரு இரும்புச் சட்டியும், அண்டாவும், நாலாக மடித்த வெள்ளைத் துணியும் கொண்டுவந்தாள்.

"இன்னா அக்கா இது?"

"எண்ணெயை இறக்கணும் விமலா. நம்ம வீட்டு எண்ணெயை ஊத்தணும்."

விமலநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். "லண்டன் எஞ்சின்ல பூச்சியா இருக்கப் போகுது? இருந்தாலும் அது இங்கிலீஷ் பூச்சி. நம்ம பாவக் கணக்குல வராது."

"புது எண்ணெய்ங்க," என்று குறுக்கே வந்தார் கலியாணசுந்தரம். "நேத்துதான் ஊத்தினோம். எதுக்கு அநாவசியமா?"

"எங்க வீட்டுல தண்ணியானாலும் டீசலானாலும் வடிகட்டாம ஊத்தமாட்டோம். அடுத்தவங்க ஊத்தின எண்ணெயை அப்படியே வெச்சி ஓட்டவும் மாட்டோம்."

"அம்மா, இது சமையல் இல்ல, மிஷின்."

"ஆமாம்பா," என்றார் ரிஷபதாஸ் கண்ணைத் திறக்காமலே. "ஆனா அது எங்க வழக்கம். இறக்கட்டும்."

மனோன்மணி எஞ்சின் முன்னால் உட்கார்ந்தாள்.

அடியிலிருந்த திருகைக் கழற்றினாள். எண்ணெய் சட்டியில் விழுந்தது. அதை அண்டாவின் வாயில் கட்டிய துணி மேல் மொண்டு ஊற்றினாள். இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட உள்ளே போனாள்.

அரை மணி கழித்துத் திரும்பிவந்தபோது எண்ணெய் துணி மேலேயே குளம் கட்டி நின்றது.

மனோன்மணி குனிந்து பார்த்தாள். ஐந்து வருஷத்தில் எத்தனையோ முறை எண்ணெய் இறக்கியிருக்கிறாள். ஓடி நின்ற எஞ்சினின் எண்ணெய் தண்ணீர் மாதிரி இறங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே துணி காலியாகும். இது பாகு மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. விரலை நனைத்துத் தேய்த்தாள். முகர்ந்தாள். அழுகிய முட்டை மாதிரி லேசாக ஒரு நாற்றம்.

"விமலா. கொஞ்சம் இங்க வா."

சாப்பிட்ட கையைத் துடைத்தபடி வந்தான்.

"இதை மோந்து பாரு."

"அக்கா, உனக்கு எதைப் பாத்தாலும்…"

"மோந்து பாரு. நீதானே கடையில எண்ணெய் விக்கிறவன்? நான் இன்னான்னு சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

விமலநாதன் விரலை வைத்தான். மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகத்தைத்தான் மனோன்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் காது மடல் முதலில் சிவக்கும். இப்போதும் அதுதான் சிவந்தது. அவன் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வீட்டில் அவன் சொல்லை மறுக்க யாருக்கும் விஷயம் தெரியாது. மில் அவனுடையது.

கலியாணசுந்தரம் அவனையே பார்த்தார். ரிஷபதாஸ் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கியர் ஆயில்," என்றான் விமலநாதன். குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

"என்னாடா?"

"எஞ்சின்ல ஊத்தற எண்ணெய் இல்லப்பா. லாரி கியர்பாக்ஸ்ல ஊத்தற கெட்டி எண்ணெய். தேய்ஞ்சிபோன எஞ்சின்ல இதைக் கலந்து ஊத்தினா சத்தம் வராது. விக்கிற அன்னிக்கு மட்டும்."

மனோன்மணி துணி மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு அலசினாள். கெட்டி எண்ணெய் கரைந்து இறங்கியது. வெள்ளைத் துணியின் நடுவில் பொன் நிறத்தில் பொடிப்பொடியாக எதுவோ மின்னியது.

எட்டிப் பார்த்த பட்டம்மாள், "அட, ஜரிகைத் தூளு!" என்றாள்.

"ஜரிகை இல்லக்கா. பித்தளை. உள்ளே தண்டு சுத்தற புஷ் வளையம் தேய்ஞ்சி உதுருது."

கலியாணசுந்தரத்துக்கு இப்போது வேர்வை நிஜமாகவே வழிந்தது. "புது இடத்துக்கு வந்தா ரெண்டு தூள் விழும்மா. இதுக்குப் போயி… லாரிக்கு நேரமாகுது. வேணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க."

"சொல்றோம்," என்றாள் மனோன்மணி. "எங்க எண்ணெயை ஊத்தி இன்னொரு தரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றோம். நல்ல எஞ்சின்னா, எந்த எண்ணெயிலயும் ஓடணும். நீங்க சொன்ன மாதிரியே ஓடுச்சின்னா, இந்தச் சாவியை இப்பவே குடுத்துடறேன்."

வீட்டு எண்ணெயை அவளே ஊற்றினாள். கைப்பிடியை அவள் எடுக்கப் போனபோது, விமலநாதன் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

"நான்தானே கொண்டாந்தேன். நானே சுத்தறேன்."

மூன்றாவது சுற்றில் கிளம்பியது. முதல் ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. கலியாணசுந்தரம் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். பிறகு, சூடேற ஏற, உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். டக். டக். டக். தட்டுகிறவருக்கு அவசரம் கூடிக்கொண்டே போயிற்று. ரிஷபதாஸின் முகம் சுளித்தது.

விமலநாதன் எஞ்சினை நிறுத்தினான். மாலையைக் கழற்றித் திண்டாடினான், எங்கே வைப்பது என்று தெரியாமல். கடைசியில் கலியாணசுந்தரத்தின் கையில் கொடுத்தான்.

"ஏத்துங்க சார். லாரியில ஏத்துங்க."

"தம்பி, புஷ் ஒண்ணு மாத்தினா…"

"எங்கேந்து மாத்தறது? இந்த அளவுல புஷ் லண்டன்லதான் கிடைக்கும். கப்பல்ல வரணும். அதுவரைக்கும் பட்டம்மா அக்கா இன்னா, அரிசியை வாயிலயே மென்னு மாவாக்குவாங்களா?"

"எனக்குப் பல்லு ரெண்டு இல்லப்பா," என்றாள் பட்டம்மாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் விமலநாதனுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

லாரி போன பிறகு அவன் மரக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் கண்ணை மூடிக்கினு இருந்துட்டேன்கா. பெயிண்டைப் பாத்தேன், லண்டன்னு எழுதியிருந்த தகட்டைப் பாத்தேன். எண்ணெய் அளக்கிற குச்சியை எடுத்துக்கூட பாக்கல. கடைக்கு வர்றவனுக்கெல்லாம் புத்தி சொல்றவன் நான்."

"சொன்னியே. அது போதும்."

"நீ சந்தோஷமா இருக்கியா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்லடா. மில்லு இன்னும் நின்னுக்கினுதானே இருக்குது?"

ரிஷபதாஸ் கைத்தடியைத் தரையில் தட்டினார். "சரி. சீமைக்காரன் வந்த வழியே போயிட்டான். நம்ம பழசு? ஒன்பது நாள்ல ஓடுமா?"

"ஓடும்பா."

"ஓடலேன்னா?"

"சாவியை விமலன்கிட்ட குடுத்துடறேன். இந்த இடத்துல அவன் சைக்கிள் கடை வெச்சாலும் நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"அக்கா!" என்றான் விமலநாதன்.

"பேச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

ரிஷபதாஸ் எழுந்தார். "நட. அந்த எஞ்சினை நானும் பாக்கணும்."

அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யேசுதாஸின் லேத் பட்டறைக்கு அவர் இதுவரை போனதில்லை. யேசுதாஸின் அப்பா ரிஷபதாஸ் கழனியில் கூலிக்குக் கதிர் சுமந்தவர். மகன் செங்கல்பட்டில் தொழில் படித்து, சொந்தமாக லேத் போட்டு ஏழு வருஷம் ஆகிறது. வேலை கொடுப்பதென்றால் ரிஷபதாஸ் ஆள் அனுப்புவார். தானாகப் போவது என்பது வேறு.

பட்டறையில் எஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டையும் துடைத்து, சாக்கு மேல் வரிசையாக வைத்திருந்தான் யேசுதாஸ். ரிஷபதாஸைப் பார்த்ததும் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, அங்கே இருந்த ஒரே ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டான்.

"உக்காருங்க நயினார்."

ரிஷபதாஸ் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"சீமை எஞ்சின் திரும்பிப் போயிடுச்சி யேசுதாஸ்," என்றாள் மனோன்மணி. "இனிமே நீதான்."

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பிஸ்டன் ஓடற லைனரைக் கடைஞ்சிட்டேன்மா. பிஸ்டன் கோயமுத்தூர்லேந்து வந்துடுச்சி, ஊசி முனை பிசகில்லாம உக்காருது. பேரிங்குக்கு ஈயம் உருக்கி ஊத்தி, சுரண்டிக்கூட முடிச்சிட்டேன். ஆனா இன்னிக்கு மத்தியானம் ஒண்ணு பாத்தேன். நீங்க சீமை எஞ்சினைத் திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடியே வந்து சொல்லணும்னு நெனச்சேன். அங்க என் தலையைப் பாத்தாலே, தன் வேலைக்காக வியாபாரத்தைக் கெடுக்க வந்தான்னு சொல்லுவாங்கன்னு… வரல."

"இன்னா பாத்தே?"

சாக்கின் ஓரத்தில் கனத்த இரும்புத் தண்டு ஒன்று கிடந்தது. எஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சக்கரச் சுற்றாக மாற்றுகிற கிராங்க் தண்டு. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவியிருந்தான். வெள்ளைப் பூச்சின் நடுவே, வளைவு தொடங்குகிற இடத்தில், முடி மாதிரி ஒரு ஈரக் கோடு.

"விரிசல்," என்றான் யேசுதாஸ். "கண்ணுக்குத் தெரியாது. உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிஞ்சி காட்டிக்குடுக்குது."

விமலநாதன் மண்டியிட்டுப் பார்த்தான். "வெல்டிங் வெக்க முடியாதா?"

"வெக்கலாம் சார். ஓடும். கருட சேவையன்னிக்கு ஜோரா ஓடும். எத்தினி நாளுக்குன்னு என்னால சொல்ல முடியாது. ஓடிக்கினு இருக்கும்போது ஒடைஞ்சா, சக்கரம் செவுத்தை இடிச்சிக்கினு தெருவுக்குப் போகும். மாவுக்கு நிக்கிறவங்க எல்லாம் பொம்பளைங்க."

ரிஷபதாஸின் கைத்தடி மெதுவாகத் தரையைத் தொட்டது. "அப்ப?"

"இதே மாதிரி தண்டு ஒண்ணு வேணும். புதுசா செய்ய ரெண்டு மாசம் ஆவும். பழசு கிடைச்சா, அஞ்சு நாள்ல எஞ்சினைக் கிளப்பி நிறுத்திடுவேன்." யேசுதாஸ் நிறுத்தினான். மனோன்மணியைப் பார்க்காமல் சொன்னான். "இந்த ஜில்லாவுல இதே எஞ்சின் இன்னொண்ணு இருக்குது. திருப்புட்குழியில."

திருப்புட்குழி மனோன்மணி வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்.

பதினோரு வருஷத்துக்கு முன், ரிஷபதாஸ் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு எஞ்சின் வாங்கினார். ஒன்று மில்லுக்கு. இன்னொன்று மகளின் கல்யாணச் சீராக, மாப்பிள்ளை தரணேந்திரனின் கிணற்றுக்கு. அந்த வீட்டைவிட்டு, கட்டிய புடவையோடு மனோன்மணி வெளியே வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவளோ அவள் வீட்டாரோ திருப்புட்குழி பஸ்ஸில்கூட ஏறியதில்லை.

"கிணத்துக்கு அவங்க கரண்டு மோட்டார் போட்டுட்டாங்க," என்றான் யேசுதாஸ். "எஞ்சின் மாட்டுக்கொட்டாயில சாக்கு மூடிக் கிடக்குது. போன மாசம் பம்பு ரிப்பேருக்குப் போனப்ப பாத்தேன். ஓடி ரொம்ப நாளாச்சி. தண்டு கெட்டிருக்காது."

ரிஷபதாஸ் தொண்டையைச் செருமினார். "நான் போறேன். என் மானம் போனாப் போவுது. காலையில நான் போயி கேக்கறேன்."

"வேணாம்பா," என்றான் விமலநாதன். "நான் போறேன். இன்னிக்குப் பட்ட அவமானத்தோட இதுவும் சேந்து போகட்டும்."

மனோன்மணி அந்த ஈரக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு போட வேண்டும், பொழுது சாய்வதற்குள்.

"யேசுதாஸ், தண்டோட அளவு எனக்கு வேணும். பாத்த உடனே சரியா தப்பான்னு தெரியணும்."

யேசுதாஸ் சுவரிலிருந்து இரும்புக் கவை ஒன்றை எடுத்தான். கிராங்க் தண்டின் மேல் வைத்து, இரண்டு கால்களும் உரசும்படி திருகி இறுக்கினான்.

"இது அசையாம உக்காந்தா சரிம்மா. ஆடுச்சின்னா தேய்மானம், வேணாம்."

"மனோ," என்றார் ரிஷபதாஸ். "அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்பா." அவள் கவையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "நீங்க போனா, அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கினு வரணும். விமலன் போனா, கெஞ்சி வாங்கிக்கினு வரணும். அது எனக்குப் போட்ட சீரு. நான் போனா எடுத்துக்கினு வரலாம்."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஸ்பானர் எல்லாம் பையில போட்டு வை யேசுதாஸ். காலையில முதல் பஸ்."